குளிரில் மட்டும் ஒழுகிய பெற்றோல்

போன மாதம் நான் வேலை செய்த கராஜில் இருந்து தொலைபேசி வந்தது. நான் ஓய்வு பெற்று மூன்று குளிர்காலம் முடிந்துவிட்டது. இப்போது அங்கே வருகிறவை அநேகமாக மின்சாரக் கார்கள். அவற்றில் ஒழுகுவதற்குப் பெற்றோலே கிடையாது. ஆனாலும் மைனஸ் பதினைந்துக்குக் கீழே குளிர் இறங்கினால் எங்கேயோ ஒரு பழைய கார் மணக்கத் தொடங்கும். அதைக் கொண்டுவந்து விடுவார்கள். அங்கே இருக்கிறவர்கள் எனக்கு அழைப்பு எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் விளங்கப்படுத்துவதை விட, அந்தப் பவுடர் வேலையை முதலில் இருந்து எழுதித் தரும்படி இந்த முறை கேட்டார்கள்.

நொர்வேஜிய மொழியில் எழுத எனக்கு வராது. தமிழிலும் ஐந்தாம் வகுப்போடு சரி. நான் எழுதியது கோழி கிளறியது போல இருக்கும். மகள் அதைப் பார்த்துத் திருத்தினாள். கராஜுக்கு அவள் மொழிமாற்றிக் கொடுப்பாள். தமிழில் உள்ளது எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு.

பத்தொன்பது குளிர்காலம் நான் பெற்றோல் குழாய் பார்த்தேன். நான் தேடி அகப்படாமல் போன ஒழுக்கு ஒன்றும் இல்லை. "இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை எண்டு ஒரு வரி போடுங்கோ அம்மா" என்று மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் அங்கே போனது கார் கழுவ. ஒஸ்லோவில் ரொம்சோஸ் என்ற இடத்தில் எங்கள் வீடு. பஸ்ஸில் இறங்கிப் பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் நடந்தால் கராஜ். காலையில் முற்றத்துப் பனியை வழித்து ஒதுக்குவது, கார்களின் மேல் கிடக்கும் பனியைத் தட்டுவது, திருத்தி முடிந்த கார்களைக் கழுவுவது, இவைதான் என் வேலை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் இருந்து வந்தவளுக்குப் பனியில் நடக்கவே ஒரு வருடம் பிடித்தது. மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியது. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தத் திருகுசாவி எந்த ஆணிக்கு என்பதெல்லாம் கழுவும்போது கண்ணில் பட்டுப் பட்டு மனதில் நின்றவை. ஐந்து வருடம் அப்படிப் போனது.

எங்கள் தலைவர் பெயர் ஹோகுன். நல்ல உயரம். முதல் ஆறு மாதம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இந்த நாட்டில் அதுதான் மரியாதை என்று பிறகு விளங்கியது. என் பெயர் மரியபுஷ்பம். அவர் "மரியா" என்று நிறுத்திக்கொண்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருவர் சொல்வது பிடிக்காவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துணியின் ஊத்தைப்படாத மூலையைத் தேடி எடுத்து, மெதுவாகத் துடைப்பார். அந்தத் துடைப்பு முடியும்வரை சொன்னவர் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டு ஒரு வரி சொல்வார். பெற்றோல் ஒழுகுகிறது என்று யாராவது வந்து சொன்னால் அந்த வரி எப்போதும் ஒன்றுதான்: "துளியைக் காட்டு." அவர் பேசியதெல்லாம் நொர்வேஜிய மொழியில். நான் என் தமிழில் தருகிறேன்.

அவரிடம் இரண்டு ஒழுங்குகள் இருந்தன. இந்தக் கதைக்கு இரண்டும் வேண்டும்.

ஒன்று, குளிர்காலத்தில் எந்தக் காரும் முதல்நாள் பின்னேரமே வந்துவிட வேண்டும். இரவு முழுக்கக் கராஜின் சூடான வேலை மண்டபத்துக்குள் நிற்கும். பனிக்கட்டி உருகி விழுந்து, காலையில் கார் காய்ந்து, இளஞ்சூடாக இருக்கும். வேலை செய்கிறவர்களின் கை விறைக்கக் கூடாது என்பதற்காக அவர் வைத்த ஒழுங்கு அது. இளமையில் வெளிக்குளிரில் வேலை செய்து அவருடைய இரண்டு விரல் நுனிகளில் உணர்ச்சி போயிருந்தது. அந்த வருத்தத்தை வேறு ஒருவருக்கும் கொடுக்க அவர் விரும்பவில்லை.

மற்றது, ஒவ்வொரு கார்ச் சாவியிலும் ஒரு வேலை அட்டை தொங்கும். யார் என்ன செய்தார்கள் என்று அதில் எழுதுவார்கள். கடைசிக் கட்டம் கழுவுகிறவருக்கு. அதில் நான் ஒரு சரி அடையாளம் போட வேண்டும். அது இல்லாமல் சாவி சொந்தக்காரர் கைக்குப் போகாது. ஊத்தையோடு ஒரு காரும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பார்.

ஆறாவது குளிர்காலத்து மாசியில் பேரித் என்று ஒரு பெண் வந்தாள். வீடு வீடாகப் போய் நடக்க முடியாத முதியவர்களைப் பார்க்கும் தாதி. குரோருட்டில் இருந்தாள். அவளுடைய குடியிருப்பில் காரைச் சூடாக்கும் மின்செருகி இல்லை. கார் இரவெல்லாம் வெளியில் நிற்கும். காலையில் ஓட்டத் தொடங்கியதும் பெற்றோல் மணக்கிறது, பத்து நிமிடத்தில் போய்விடுகிறது என்றாள். இரண்டு முறை காரை விட்டுப் போனாள். இரண்டு முறையும் எங்கள் ஆட்கள் மண்டபத்தில் வைத்துத் தேடினார்கள். ஒன்றும் இல்லை. அட்டையில் "மணம் என்று முறைப்பாடு. ஒன்றும் காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் முறை அவள் பின்னேரம் வரவில்லை. காலை ஏழு மணிக்கு நேரே வந்தாள். நான் வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குளிரிலும் நாலு கதவுக் கண்ணாடியையும் இறக்கியிருந்தாள். கழுத்தில் இரண்டு சால்வை. கார் என்னைத் தாண்டியபோது மூக்கில் அடித்தது. பழைய பெற்றோல் இல்லை, அப்போதுதான் வெளியே வந்த பச்சைப் பெற்றோல்.

என் மூக்கை நான் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் பொருள் வராமல் போரில் பாதை மூடியிருந்த காலத்தில் என் கணவரின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. உதைத்து எழுப்புவதற்கு மட்டும் சில சொட்டுப் பெற்றோல் வேண்டும். அதைச் சேலைன் போத்தலில் வைத்து, நான்தான் சொட்டுச் சொட்டாக விடுவேன். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் அடுத்த அறையில் இருந்தே எனக்குத் தெரியும்.

உள்ளே பேரித் ஹோகுனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் கற்பனை செய்யிறன் எண்டு நினைக்கிறீங்கள். என்ர உடுப்பெல்லாம் மணக்குது. நான் தூக்கிக் குளிப்பாட்டுற கிழவி கேக்கிறா, நீ பெற்றோல் அடிக்கிற செட்டிலயோ வேலை செய்யிறாய் எண்டு."

ஹோகுன் சிரிக்கவில்லை. "விட்டிட்டுப் போங்கோ. பாக்கிறம்" என்றார்.

கார் மண்டபத்துக்குள் போனது. அரை மணித்தியாலத்தில் மணம் இல்லை. எங்கள் மெக்கானிக் செந்தில் தன் கணினியைக் காரில் மாட்டிப் பார்த்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இருந்து வந்தவன், நல்ல வேலைக்காரன். நான் பெற்றோல் என்றால் அவன் பெட்ரோல் என்பான். அவன் ஸ்க்ரூ என்றால் நான் ஆணி என்பேன். ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

"எல்லாம் நார்மல்னு காட்டுதுக்கா."

"கம்பியூட்டருக்கு மூக்கு இருக்கோ தம்பி?"

"மூக்கு இல்லை. ஆனா உங்களை மாதிரி சண்டைக்கும் வராது."

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பெட்டியைத் திறந்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. முதல்நாள் வீட்டில் குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் உறைபெட்டிக்குள் போட்டு எடுத்தேன். சுருங்கி இறுகியது. பருப்பு அவிந்தது. உறைபெட்டியில் குக்கர் வளையம் சுருங்கினால், குரோருட் வெளிக்குளிரில் பெற்றோல் குழாய் வளையம் சுருங்காதோ? குக்கருக்குச் சுருங்கினால் நல்லது. குழாய்க்குச் சுருங்கினால் இடைவெளி. பிறகு எஞ்சின் சூட்டில் அது பழையபடி ஊதி அடைத்துக்கொள்ளும். எங்கள் மண்டபச் சூட்டிலும் அடைத்துக்கொள்ளும்.

செந்திலிடம் சொன்னேன். அவன் சோற்றுக் கரண்டியை வாயில் வைத்தபடியே என்னைப் பார்த்தான்.

"எங்கம்மாவும் கேஸ்கட்டை ஃப்ரீசர்லதான் போடுவாங்க."

"அப்ப நாங்கள் காரை உள்ளுக்குக் கொண்டுவந்து வருத்தத்தைச் சுகமாக்கிப்போட்டு, வருத்தம் எங்கை எண்டு தேடுறம்."

"இதை ஹோகுன்கிட்ட யாரு சொல்றது?"

நான் போனேன். குக்கர் என்றால் அவருக்கு விளங்கவில்லை. உருளைக்கிழங்கைச் சட்டியில் அவிக்கிற மனிதர். கையால் வளையம் காட்டி, சுருக்கிக் காட்டி, ஊதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் நின்றேன்.

"ஒரு இரவு வெளியில விடு. காலையில துளியைக் காட்டு."

இனிக் கராஜில் கேட்டவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். நாலு மணிக்கு, வெளிச்சம் போக முதல், எஞ்சின் மூடியைத் திறந்து, பெற்றோல் தாங்கியில் இருந்து வரும் குழாய் எங்கெங்கே பொருந்துகிறதோ அங்கெல்லாம் நூல் பறக்காத துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக் கொஞ்சமும் இருக்கக் கூடாது. பிறகு முகத்துக்குப் பூசும் பவுடரைப் பஞ்சில் தொட்டு, பொருத்துகளில் மெல்லிசாக ஒற்ற வேண்டும். கோதுமை மா வேண்டாம், பவுடர்தான். மா தீப்பிடிக்கும். அப்பினால் பனி ஈரத்தில் கட்டியாகும். கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதை விடக் குறைவாகப் போடுங்கள். காரைக் கட்டடத்தின் வடக்குப் பக்கம், சுவரில் இருந்து தள்ளி நிறுத்துங்கள். சுவர் இரவிலும் சூடு விடும். காலையில் சிகரெட் உள்ளவர் கிட்ட வரக் கூடாது. தீயணைக்கும் குடுவை காலடியில் இருக்க வேண்டும். எஞ்சினை எழுப்ப வேண்டாம். சாவியைப் பாதி மட்டும் திருப்பினால் பின்னால் பெற்றோல் பம்பி ஒரு கணம் உறுமி அடங்கும். நிறுத்தி, மறுபடி. மூன்று முறை. குழாயில் அழுத்தம் ஏறும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பார்க்கத்தான் கண். எங்கே வெள்ளை சாம்பல் நிறமாகிறதோ அங்கே ஈரம்.

மறுநாள் காலை நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். செந்தில் சாவியைத் திருப்பினான். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. பவுடர் பாலைப் போல வெள்ளையாக இருந்தது. இன்னும் மூன்று முறை திருப்பச் சொன்னேன். வெள்ளை.

ஹோகுன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "துளி எங்கே?"

நான் வானத்தைப் பார்த்தேன். இரவு முகில் மூடியிருக்கிறது. கன்னத்தில் குளிர் கடிக்கவே இல்லை. வாசலில் இருந்த வெப்பமானி மைனஸ் மூன்று காட்டியது.

"குளிர் காணாது. நாளைக்குப் பாப்பம்" என்றேன்.

"பன்னிரண்டு மணிக்கு அவவுக்குக் கார் வேணும். ஆக்கள் காத்துக்கொண்டிருப்பினம். நீ சொன்னபடி பாத்தாச்சு, மரியா." அவர் கண்ணாடியைத் தொடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முடிவு எடுத்தபின் அவர் துடைப்பதில்லை.

பதினொரு மணிக்கு அந்தக் கார் கழுவுமிடத்துக்கு வந்தது. நான் கழுவினேன். டயர், சில்லின் உள்பக்கம், கதவின் கீழ்விளிம்பு, எல்லாம். அட்டையைப் பார்த்தேன். மேலே "ஒன்றும் காணப்படவில்லை" என்று மூன்றாம் முறை எழுதியிருந்தார்கள். அந்தச் சொற்களை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவ்வளவு தூரம் என் படிப்புப் போதும். பேனையை எடுக்கவில்லை. சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அட்டையோடு ஹோகுனின் அறைக்குப் போனேன். பேரித் அங்கே ஏற்கனவே இருந்தாள். ஹோகுன் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"கழுவியாச்சோ?"

"கழுவியாச்சு."

"அடையாளம் இல்லை."

"போடமாட்டன்."

இந்த நாட்டில் வேலைக்காரர் ஒருவர் மாட்டேன் என்று சொல்வது பெரிய விடயம் இல்லை என்பார்கள். எனக்குப் பெரிய விடயம்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கணவருக்கு அப்போதே இடுப்பு வருத்தம். ஐந்து வருடத்தில் நான் யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை.

"உன்ர கட்டம் கழுவுறதுக்கு" என்றார் ஹோகுன்.

"ஓம். என்ர அடையாளம் போட்டால் கார் வெளியில போகும். வெளியில போனால் அது ஒழுகும். கீழ புகைக்குழாய் சூடா இருக்கு. பேந்து இவவுக்கு என்னவும் நடந்தால், அட்டையில கடைசிக் கை என்ர."

பேரித் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "உனக்கு மணந்ததோ?"

"ஓம். வாசலில. நேற்றைக்குக் காலமை."

அவள் கதிரையில் அமர்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுதாளோ சிரித்தாளோ தெரியாது. "மூண்டு மாசத்தில நீதான் முதல் ஆள்" என்றாள்.

ஹோகுன் கண்ணாடியைக் கழற்றினார். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒருவர் கண்ணாடி துடைத்து நான் பார்த்ததில்லை. போட்டுக்கொண்டு, தன் மேல்சட்டையில் இருந்து ஒரு சாவியை எடுத்துப் பேரித்தின் முன்னால் வைத்தார். அவருடைய சொந்தக் கார்ச் சாவி.

"இதை ஓட்டு. நாளைக்குக் குளிராம். வானொலியில சொன்னவை." பிறகு என்னிடம்: "நாளைக்கும் வெள்ளையா இருந்தால்?"

"இருந்தால் நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன்."

நாலு மணிக்கு நான் திரும்பத் துடைத்துப் பவுடர் ஒற்ற, செந்தில் காரை வடக்குப் பக்கம் நிறுத்தினான். அன்று பின்னேரம் அவர் சுரங்க ரயிலில் வீட்டுக்குப் போனார். செந்தில் என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தான். "அக்கா, நாளைக்கு மட்டும் மைனஸ் மூணு ஆச்சுன்னா, நானும் உங்களோட சேர்ந்து கார் கழுவ வேண்டியதுதான்" என்றான். "நீ வந்தால் எனக்கு இரட்டை வேலை. திரும்பக் கழுவ வேணும்" என்றேன். சிரித்தோம். வீட்டில் படுக்க முதல் இரண்டு முறை யன்னலைத் திறந்து குளிரைப் பார்த்தேன்.

காலையில் கதவைத் திறந்ததும் மூக்குமயிர் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சந்தோசம் வந்தது. ஒஸ்லோவில் குளிரைக் கண்டு நான் சந்தோசப்பட்ட முதல் நாள் அது. கராஜ் வாசலில் மைனஸ் பத்தொன்பது. எங்கள் எல்லோருக்கும் முதல் ஹோகுன் வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார்.

செந்தில் சாவியைத் திருப்பினான். பம்பி உறுமி அடங்கியது. வெள்ளை. மறுபடி. வெள்ளை. மூன்றாம் முறை, எஞ்சினுக்குப் பின்பக்கம் குழாய் வளைந்து பொருந்தும் இடத்தில், பவுடரின் கீழ்விளிம்பு மட்டும் நிறம் மாறியது. தீக்குச்சித் தலை அளவு. சாம்பல் நிறம் பரவியது. ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. விழுந்த இடம் புகைக்குழாய்.

"ஹோகுன்" என்றேன். "துளி."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். உள்ளே போய், வேலை செய்துகொண்டிருந்த எல்லோரையும் வெளியே கூப்பிட்டார். மேல்சட்டை போடக்கூட விடவில்லை. வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒருவர் பார்த்து முடிந்ததும் அடுத்தவருக்காகச் செந்தில் சாவியைத் திருப்புவான். இன்னொரு துளி விழும். எல்லோரும் பார்த்தபின் ஹோகுன் சொன்னார்: "இந்த மண்டபச் சூடு என்ர யோசனை. பிழை என்ர. கண்டுபிடிச்சது மரியா."

திருத்துவதில் ஒரு வித்தையும் இல்லை. அழுத்தத்தை இறக்கி, பற்றரியின் கம்பியைக் கழற்றி, பொருத்தைத் திறந்தால் உள்ளே வளையம் பழைய வளையல் போலக் கட்டிபட்டிருந்தது. நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழவில்லை. குளிர் தாங்கும் புது வளையம் போட்டான் செந்தில். இறுக்க வேண்டும் என்று ஒருவர் திருகுசாவியோடு வந்தார். இறுக்கினால் குளிரில் பிளாஸ்டிக் வெடிக்கும் என்று அவரைத் திருப்பி அனுப்பினோம். மத்தியானம் பேரித் வந்து கார் முடிந்ததா என்று கேட்டாள். ஹோகுன் என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன். "இன்னும் ஒரு இரவு வெளியில நிக்கட்டும்."

அடுத்த நாள் மைனஸ் இருபத்தொன்று. பன்னிரண்டு முறை சாவியைத் திருப்பினோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

அதற்குள் ஹோகுன் பழைய அட்டைப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார். கழிந்த குளிர்காலங்களில் "மணம், ஒன்றும் காணப்படவில்லை" என்று எழுதி அனுப்பிய அட்டைகளைத் தேடி எடுத்தார். ஆறு. ஆறு பேருக்கும் தானே தொலைபேசி எடுத்தார். "நாங்கள் சரியாகப் பாக்கேல்லை. கொண்டுவாங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னது எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் வடக்குப் பக்கம் ஆறு கார்கள் பனிக்குள் வரிசையாக நின்றன. நான் பவுடர் டப்பாவோடு ஒன்றில் இருந்து அடுத்ததற்குப் போனேன். நாலில் குழாய்ப் பொருத்து ஒழுகியது. ஐந்தாவது காரில் குழாய் நன்றாக இருந்தது; பின்பெட்டிக்குள் பனி தள்ளும் இயந்திரத்துக்கான பெற்றோல் கான் மூடியில்லாமல் சரிந்து கிடந்தது. ஆறாவது, ரொம்சோசில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்தவருடையது. தாங்கியின் அடியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. சுரண்டி மணந்து பார்த்தேன். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம். ஊரில் ஒழுகும் தாங்கிக்குச் சவர்க்காரம் அப்புவதுபோல இங்கேயும் அப்பியிருக்கிறார். குளிரில் அது வெடித்து உதிர்ந்து, ஒழுகிக்கொண்டு இருந்தது.

"அண்ணை, காரைக் குளிப்பாட்டினீங்களோ?" என்றேன்.

"ஊரில ஒழுக்கு நிண்டது தங்கச்சி!"

"ஊரில மைனஸ் இருபதோ?"

செந்தில் பனியில் குந்தியபடி சிரித்தான்.

அப்போது ஹோகுன் கையில் அட்டைகளோடு வெளியே வந்தார். பேரித்தின் கார் கழுவுமிடத்தில் நின்றது; அவள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு காரின் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி நின்றேன்.

"மரியா, ஆர் கழுவுறது?"

"என்ர கை பெற்றோல். நீங்கள்தான்."

அட்டைகளைச் செந்திலிடம் கொடுத்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, தூரிகையை எடுத்து வாளியில் தோய்த்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் இருந்து தொடங்கினார், அது சரி. கதவுகளும் சரி. ஆனால் தண்ணீர்க் குழாயைச் சீக்கிரமே கையில் எடுத்துவிட்டார்.

"ஹோகுன்!" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன். "சில்லுக்குள்ளையும்!"

அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.